பழைய முகவரிக்கு யார் பொறுப்பு?

2012 ஜனவரி கடைசியில் தமிழ்ப் பதிவர்கள் பலர் தங்கள் வலைப்பூவைத் திறந்தபோது முகவரிப் பட்டையில் ஒரு மாற்றம் தெரிந்தது. பிளாக்ஸ்பாட்.காம் என்று முடிய வேண்டிய முகவரி பிளாக்ஸ்பாட்.இன் என்று முடிந்தது. அவர்கள் புது டொமைன், அதாவது தளத்துக்கான பெயர், எதுவும் வாங்கவில்லை. அமைப்புகளுக்குள் போய் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. பதிவுகள் அப்படியே இருந்தன, பின்னூட்டங்களும் இருந்தன. முகவரியின் வால் மட்டும் மாறியிருந்தது. மாற்றியது, பிளாக்ஸ்பாட் முகவரிகளைத் தரும் பிளாக்கர் சேவையை நடத்தும் கூகுள். எட்டு ஆண்டுகள் கழித்து அந்த வாலைத் தொலைத்ததும் கூகுள்தான்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் பார்த்தால், ஒரு டொமைனைத் தேர்ந்தெடுப்பதும் அதிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களைத் திருப்பிவிடுவதும் வாசகரை எங்கெல்லாம் தொடுகிறது என்று விளங்கும். இந்திய வங்கிகள் எல்லாம் 2025இல் ஒரே மூச்சில் முகவரி மாறியிருக்கின்றன. அதனால் இந்தப் பழைய கதையை இப்போது எடுத்துப் பார்க்கக் காரணமும் இருக்கிறது.

கூகுள் அன்று சொன்ன காரணம் சட்டம். ஒரு நாட்டு நீதிமன்றமோ அரசோ ஒரு பதிவை நீக்கச் சொன்னால், அதை உலகம் முழுவதற்கும் நீக்க வேண்டியதில்லை. அந்த நாட்டு முகவரியில் மட்டும் மறைத்தால் போதும், மற்ற நாட்டவர் தொடர்ந்து படிக்கலாம் என்றது. காலமும் அப்படித்தான் இருந்தது. 2011 டிசம்பரில் அன்றைய தொலைத்தொடர்பு அமைச்சர் கபில் சிபல் கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களை அழைத்து, ஆட்சேபத்துக்குரியவற்றை வெளியாகும் முன்பே வடிகட்ட வேண்டும் என்று நெருக்கியிருந்தார். 2012 ஜனவரி 26 அன்று ட்விட்டரும் நாடு வாரியாக ட்வீட்டுகளை மறைக்கப் போவதாக அறிவித்தது. இதைத் தணிக்கைக்குத் திறந்த வாசல் என்றவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஒரு பதிவு உலகத்திலிருந்தே காணாமல் போவதைவிட இது மேல் என்ற எதிர்வாதத்திலும் உண்மை இருந்தது. ஆனால் அந்தச் சண்டையில் முகவரியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. சட்டச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு வாசகரின் முகவரிப் பட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் இந்த வழிமாற்று நடக்கும் விதம் எளிது. நீங்கள் ஒரு முகவரியைக் கேட்கிறீர்கள். தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் பக்கத்தைத் தராமல், ‘நீங்கள் கேட்டது இங்கே இல்லை, அங்கே போங்கள்’ என்று ஒரு எண்ணோடு பதில் தருகிறது. உலாவி உங்களைக் கேட்காமலே அங்கே போகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை. பிளாக்கர் விஷயத்தில் சர்வர் பார்த்தது வாசகர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பதை. சென்னையிலிருந்து திறந்தால் இன், சிங்கப்பூரிலிருந்து திறந்தால் எஸ்ஜி, துபாயில் ஏஇ, பாரிசில் எஃப்ஆர், டொரான்டோவில் சிஏ. ஒரே நாளில் எல்லா நாட்டுக்கும் வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தது.

ஒரே நாட்டுக்குள் வாசகர்களை வைத்திருந்த வலைப்பூக்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது. தமிழ்ப் பதிவுலகம் அப்படி இல்லை. மதுரைக்காரர் எழுதியதை சிங்கப்பூரில் ஒருவர் படித்து, துபாயில் இருப்பவருக்கு அனுப்பி, அவர் கனடாவில் ஒரு மடற்குழுவில் போடுவது அன்றாடம் நடந்தது. இப்போது ஒவ்வொருவரும் தம் முகவரிப் பட்டையில் இருந்ததை நகலெடுத்து அனுப்பினார்கள். ஒரே பதிவு நான்கைந்து முகவரிகளில் சுற்றத் தொடங்கியது.

மனிதருக்கு அது ஒரே பதிவு. இயந்திரத்துக்கு எழுத்து மாறினால் முகவரியே வேறு. பல வலைப்பூக்களின் பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் பதிவரைப் பதிவுசெய்த முகவரியை வைத்துத்தான் அடையாளம் கண்டன. காம் என்று பதிந்தவர் இன் என்று வந்தால், வாசகர் ஓட்டளிக்கத் திரட்டி தந்த ஓட்டுப்பட்டை யாரோ அந்நியர் வந்திருப்பதாக நினைத்தது. ஃபேஸ்புக் விருப்ப எண்ணிக்கை முகவரிக்கு முகவரி பிரிந்தது. வெளியார் பின்னூட்டப் பெட்டியை வைத்திருந்தவர்களுக்கு உரையாடல் ஒரு வாலில் இருந்தது, வாசகர் இன்னொரு வாலில் இருந்தார். தேடுபொறி மட்டும் குழம்பவில்லை. எந்த நாட்டு முகவரியில் திறந்தாலும் ‘இதன் மூல முகவரி காம்’ என்று பக்கத்தின் தலைப்பகுதிக்குள் ஒரு குறிப்பை கூகுள் வைத்திருந்தது. தன் தேடுபொறிக்கு வேண்டியதைத் தானே சரிசெய்துகொண்ட நிறுவனம், திரட்டிகளையும் ஓட்டுப்பட்டைகளையும் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. அவையெல்லாம் அதன் கணக்கிலேயே இல்லை.

பதிவர்கள் சும்மா இருக்கவில்லை. முகவரிக்குப் பின்னால் என்சிஆர் என்ற மூன்றெழுத்தைச் சேர்த்தால் நாட்டு வழிமாற்று வேண்டாம் என்று பொருள். அதை கூகுளே வைத்திருந்தது. அதைப் பயன்படுத்தி ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் துண்டு உருவாகி வலைப்பூ வலைப்பூவாகப் பரவியது. வார்ப்புருவின் தலையில் அதை ஒட்டிவிட்டால், முகவரி காம் என்று முடியாதபோது வாசகரை என்சிஆர் வழியாகத் திரும்பவும் காமுக்கே அனுப்பிவிடும். தொழில்நுட்பப் பதிவர்கள் இதைப் படம் போட்டு விளக்கினார்கள்.

வேலை நடந்தது. ஆனால் அதன் விலையை வாசகர்தான் கொடுத்தார். அவர் காமைக் கேட்கிறார். கூகுள் இன்னுக்கு அனுப்புகிறது. இன் பக்கம் இறங்கத் தொடங்கியதும் ஸ்கிரிப்ட் விழித்துக்கொண்டு என்சிஆருக்கு அனுப்புகிறது. அங்கே குக்கி என்ற சிறு நினைவுக் குறிப்பு உலாவியில் போடப்பட்டு மறுபடி காம் வருகிறது. புது டொமைனுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் உலாவி அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை விசாரிக்க வேண்டும், புதிதாகத் தொடர்பு ஏற்படுத்த வேண்டும், பாதுகாப்பான இணைப்பு என்றால் சாவி பரிமாற்றமும் செய்ய வேண்டும். பிறகுதான் கேட்கவே முடியும். இன்றைய ஃபைபர் இணைப்பில் இதெல்லாம் ஒரு நொடிக்குள் அடங்கும். 2012இல் டேட்டா கார்டிலும் 2ஜி போனிலும் படித்தவருக்கு அது பக்கம் வரும் முன் கண்முன் நிற்கும் வெள்ளைத் திரை.

சொந்த டொமைன் வைத்திருந்தவர்களை இந்தக் கூத்து தொடவில்லை. நாடு பார்த்து அனுப்புவது பிளாக்ஸ்பாட் பெயருக்கு மட்டும்தான். அதனால் ‘சொந்தமாக ஒரு டொமைன் வாங்கிவிடுங்கள்’ என்ற அறிவுரை அந்த ஆண்டு நிறையக் கிடைத்தது. நல்ல அறிவுரைதான், பாதி. மீதிப் பாதியைப் பலர் சொல்லவில்லை. டொமைனை யாரும் வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நான்கைந்து ஆண்டு உற்சாகமாக எழுதிவிட்டு நிறுத்திய பதிவர், எழுதாத வலைப்பூவுக்கு ஏன் பணம் என்று விட்டுவிடுவார். அப்போது போவது புது முகவரி மட்டுமல்ல. சொந்த டொமைனை இணைத்த நாளிலிருந்து அவருடைய பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களையும் பிளாக்கர் அந்த டொமைனுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டொமைன் கைமாறி ஒரு சூதாட்டத் தளம் அங்கே குடியேறினால், 2008இல் எழுதிய ஒரு கவிதை விமர்சனத்தின் பழைய சுட்டியை அழுத்துபவர் போய்ச் சேரும் இடம் அது. நடுவில் பிளாக்கர் ஒரு எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். இங்கிருந்த வலைப்பூ இப்போது வேறு முகவரியில் இருக்கிறது, அதை நாங்கள் நடத்தவில்லை, போக வேண்டுமா என்று கேட்கும். வாசகர் ‘ஆம்’ என்றுதான் அழுத்துவார். அவர் வந்ததே அதைப் படிக்கத்தானே! பதிவர் மனம் வைத்தால் பிளாக்கர் அமைப்புகளில் அந்த டொமைனை நீக்கினாலே போதும், பதிவுகள் பழைய முகவரியில் உயிரோடு வரும். கடவுச்சொல் மறந்தவருக்கும் காலமானவருக்கும் அந்த வழி இல்லை.

சரி, பிளாக்ஸ்பாட்.இன் கதைக்கு வருவோம். 2018 மே வாக்கில் கூகுள் நாட்டு வழிமாற்றைக் கைவிட்டது. எந்த நாட்டிலிருந்து திறந்தாலும் காம்தான். இன், எஸ்ஜி, ஏஇ என்று ஏற்கெனவே பரவிய சுட்டிகளை அழுத்தினால் அவை காமுக்குத் திருப்பப்பட்டன. திசை தலைகீழானது, ஆனால் சுட்டிகள் வேலை செய்தன. நிறுவனத்தின் பார்வையில் அத்தியாயம் முடிந்துவிட்டது.

2020 நடுவில் பிளாக்ஸ்பாட்.இன் என்ற டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனது. தேடுபொறியில் மட்டும் அந்த வாலோடு 40 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் கிடந்ததாக அப்போது செய்திகள் வந்தன. உலகத்தின் மிகப் பெரிய இணைய நிறுவனங்களில் ஒன்று, அப்போது டொமைன்களைப் பதிந்து தரும் தொழிலையும் நடத்திக்கொண்டிருந்த நிறுவனம், ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் ஒரு புதுப்பித்தலைத் தவறவிட்டது.

பதிவுகள் எதுவும் அழியவில்லை என்பதுதான் இதில் விசித்திரம். ஒவ்வொன்றும் காமில் பத்திரமாக இருந்தது. சுட்டியில் இன் என்பதைக் கையால் அழித்து காம் என்று தட்டினால் பக்கம் வந்துவிடும். அது தெரிந்தவர் எத்தனை பேர்? திறக்காத பக்கத்தைப் பார்த்த சாதாரண வாசகர், பதிவர் வலைப்பூவை அழித்துவிட்டார் என்றே முடிவுசெய்வார். 2012 முதல் 2018 வரை இந்தியாவிலிருந்து நகலெடுக்கப்பட்ட சுட்டிகள் எல்லாம், ஃபேஸ்புக்கில் பகிர்ந்தவை, மின்னஞ்சலில் அனுப்பியவை, ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஏறியவை, ஒரே நாளில் செல்லாக்காசாகின. திருத்தவும் வழியில்லை. பழைய முகவரியிலிருந்து வழிமாற்று வைக்க வேண்டுமென்றால் பழைய முகவரி கையில் இருக்க வேண்டும். வீடு மாறியவர் பழைய வீட்டுக் கதவில் ‘இந்த முகவரிக்கு வரவும்’ என்று சீட்டு ஒட்டலாம். அந்த வீட்டுக்கு வேறு ஆள் குடிவந்த பிறகு சீட்டு அங்கே இருக்குமா என்பது குடிவந்தவர் கையில்.

பெரிய நிறுவனங்களுக்கு இந்த மறதி புதிதல்ல. 1999 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயம், மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட்.காம் டொமைனைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயிலுக்குள் நுழையும் வழியே அந்தப் பெயர்தான். உலகமெங்கும் ஆட்கள் தம் அஞ்சலைத் திறக்க முடியாமல் தவித்தபோது, அமெரிக்காவில் ஒரு லினக்ஸ் நிரலாளர் காரணத்தைக் கண்டுபிடித்து, தன் கடன் அட்டையில் 35 டாலர் கட்டி அதைப் புதுப்பித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் நல்லவராக இருந்தார். இப்போதெல்லாம் காலாவதியாகும் டொமைன்களை நொடிக்கணக்கில் கண்காணித்துப் பிடிக்கவே தனித் தொழில் இருக்கிறது. காம் போன்ற பொதுப் பெயர்களில், சலுகைக் காலம் முடிந்த பிறகும் 30 நாள் மீட்புக் காலம், அப்புறம் நீக்கத்துக்கான 5 நாள் என்று உரிமையாளருக்கு அவகாசம் தருகிறார்கள். அந்த ஐந்து நாள் முடியும் நொடிக்காகக் காத்திருக்கும் நிரல்கள் பல. அவர்கள் வாங்குவது பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரை நம்பி இன்னும் வந்துகொண்டிருக்கும் ஆட்களையும் சேர்த்துத்தான்.

வழிமாற்று எண்களைப் பற்றியும் கொஞ்சம். 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டோம். 302 என்றால் தற்காலிகம். 1996இன் எச்டிடிபி 1.0 விவரக்குறிப்பிலேயே இவை இரண்டும் உண்டு. சாதாரண வாசகருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் அவருடைய உலாவிக்குத் தெரியும். 301 என்று ஒருமுறை கேட்ட உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பழைய முகவரியைத் தட்டினால் சர்வரைக் கேட்காமலே புது இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் அவசரத்தில் தவறான இடத்துக்கு 301 வைத்துவிட்டு மறுநாள் திருத்தும் நிர்வாகி, ‘எனக்கு ஒழுங்காக வருகிறதே’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். முதல் நாள் வந்தவர்களுக்கு மட்டும் வராது. படிவம் நிரப்பி அனுப்பும் இடத்தில் இன்னொரு சிக்கல். 301, 302 இரண்டிலும் பல உலாவிகள் நிரப்பிய விவரத்தைக் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு புது முகவரிக்குப் போகும். அதைச் சரிசெய்யத்தான் 307உம் 308உம் பின்னால் வந்தன. இரண்டு முகவரிகள் ஒன்றையொன்று கைகாட்டினால் உலாவி சுமார் இருபது தாவலுக்குப் பிறகு அலுத்துப்போய்ப் பிழை காட்டும். இதை எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்போம்.

என் பார்வையில் மிக மோசமான வழிமாற்று, எந்தப் பிழையும் காட்டாத ஒன்றுதான். ஒரு செய்தித் தளமோ பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ தளத்தைப் புதுப்பிக்கிறது. பழைய பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் புது முகவரி எது என்று பட்டியல் போடச் சோம்பல்பட்டு, பழைய முகவரி எதுவாக இருந்தாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பு என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். 2009இல் வந்த ஒரு நேர்காணலைத் தேடி அழுத்துபவர் இன்றைய தங்க விலையில் போய் நிற்கிறார். கண்காணிப்புக் கருவியில் எல்லாம் பச்சை விளக்கு. உடைந்த சுட்டி ஒன்றுகூட இல்லை. பக்கம் இல்லை என்று நேர்மையாகச் சொல்லியிருந்தால் வாசகர் இணைய ஆவணக் காப்பகத்திலாவது தேடியிருப்பார். கூகுள் தேடுபொறிகூட இந்த மாதிரி அனுப்புதலை இல்லாத பக்கமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை. திறந்தும் வேறு எதையோ காட்டுபவற்றையும் சேர்த்தால் வாசகரின் உண்மையான இழப்பு இன்னும் அதிகமாகவே இருக்கும்.

தமிழ் முகவரிகளுக்கு இதற்கு மேல் ஒரு தனிப் பாடு உண்டு. பிளாக்கரில் தமிழில் தலைப்பிட்டால் அது முகவரிக்கு அந்த எழுத்துகளை எடுத்துக்கொள்ளாது. பிளாக்-போஸ்ட் என்று போட்டுப் பின்னால் ஒரு எண்ணை ஒட்டும். தமிழ் வலைப்பூக்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளின் பெயர் இதுதான். கெட்டிக்காரப் பதிவர்கள் முதலில் ஆங்கில எழுத்தில் தலைப்பிட்டு வெளியிட்டு, பிறகு தலைப்பைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டார்கள். முகவரி ஆங்கிலத்தில் நின்றுவிடும். இன்னொரு வலைப்பூ மென்பொருளான வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளின் வரிசையாக விரியும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்து என்று, த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு உள்ள ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டும் 45 எழுத்து ஆகிவிடும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பெயருக்கு ஒதுக்குவது 200 எழுத்து. இருபத்திரண்டு தமிழ்க் குறியீட்டோடு இடம் தீர்ந்துபோய், முகவரியில் தலைப்பு பாதியில் அறுபடும். அப்படி நீளும் சுட்டியை ஒரு குழுவில் ஒட்டினால் பார்ப்பவர் வைரஸ் என்று பயப்படுகிறார். அதனால் சுருக்கிச் சேவைகளைத் தேடிப் போனார்கள். அதுவும் ஒரு வழிமாற்றுதான், அதுவும் இன்னொருவர் கையில். கூகுளின் சுருக்கியான கூ.ஜிஎல் 2018இல் மூடலை அறிவித்தது. உருவான சுட்டிகளே 2025 ஆகஸ்டில் நின்றுபோகும் என்று பிறகு சொல்லி, எதிர்ப்பு வந்ததும், பயன்பாட்டில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைப்பதாக இறங்கிவந்தது.

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன்களும் இருக்கின்றன. உள்ளே அவை எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் பயணம் செய்யும். உலாவி நமக்குத் தமிழாகக் காட்டும். தமிழ்ப் பெயரைப் பதிந்து, அதை அப்படியே ஆங்கிலத் தளத்துக்குத் திருப்பிவிடுவதால் பெரிய பயன் இல்லை என்று நினைக்கிறேன். தமிழில் தட்டி உள்ளே வந்தவர் முகவரிப் பட்டையில் பார்ப்பது ஆங்கிலம். அவர் அடுத்த முறை தட்டப்போவதும் பிறருக்கு அனுப்பப்போவதும் ஆங்கிலத்தைத்தான்.

இதுவரை பார்த்தது சுட்டிகள் உடைவதை. இனி நம்பிக்கை. ட்விட்டர் எக்ஸ் ஆனது 2023 ஜூலையில், முகவரி முழுவதும் எக்ஸ்.காமுக்கு மாறி முடிந்தது 2024 மேயில். நடுவில், 2024 ஏப்ரலில், ஐபோன் செயலியில் ஒரு வேடிக்கை நடந்தது. பதிவுகளில் ட்விட்டர்.காம் என்று எங்கே கண்டாலும் அதை எக்ஸ்.காம் என்று காட்டும்படி மாற்றினார்கள். நிரல் முழுப் பெயரா என்று பார்க்கவில்லை, பெயரின் கடைசியை மட்டும் பார்த்தது. விளைவு, ஃபெடெட்விட்டர்.காம் என்று யாராவது ஒரு டொமைனைப் பதிந்தால், திரையில் அது ஃபெடெக்ஸ்.காம் என்று கூரியர் நிறுவனத்தின் பெயராகத் தெரியும். அழுத்தினால் போவது பதிந்தவரின் தளத்துக்கு. இப்படிப்பட்ட பெயர்களைப் பலர் வேகவேகமாகப் பதிந்தார்கள், சிலர் மோசடிக்காரர்களை முந்திக்கொள்ளவே பதிந்தார்கள். சீக்கிரம் திருத்திவிட்டார்கள் என்றாலும், கண்ணால் காணும் முகவரியும் போய்ச் சேரும் முகவரியும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை எவ்வளவு மெலிதான நூலில் தொங்குகிறது என்று காட்டிய சம்பவம் அது. பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவியை வைத்துக் கணக்குக்குள் நுழைபவர்கள் 2025 நவம்பர் 10க்குள் தம் சாவியை மறுபடி பதிய வேண்டும் என்றும் எக்ஸ் சொன்னது. அந்தச் சாவிகள் ட்விட்டர்.காம் என்ற டொமைனோடு பிணைந்தவை. டொமைனை ஓய்வுக்கு அனுப்பினால் சாவியும் செல்லாது.

அந்தப் பிணைப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. குக்கி, சேமித்த கடவுச்சொல், கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்த பாஸ்கீ எல்லாமே டொமைனைப் பார்த்துத்தான் வேலை செய்யும். போலித் தளம் எத்தனை அச்சு அசலாக இருந்தாலும், சேமித்ததைத் தானே இட்டுத்தரும் கடவுச்சொல் நிரப்பி அங்கே வாய் திறக்காது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறுவதில்லை. ஆனால் உண்மையான தளமே டொமைனை மாற்றும்போது கடவுச்சொல் நிரப்பி அங்கேயும் வாய் திறக்காது. வாடிக்கையாளர் அலுத்துக்கொண்டு கையால் தட்டுவார். நிரப்பி மௌனமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்ற பழக்கம் அந்த ஒரு நாளில் கொஞ்சம் தேய்கிறது.

இந்த இடத்தில்தான் வங்கிகள். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் பேங்க்.இன் என்ற தனிப் பெயரை அறிவித்தது. ஏப்ரல் 22 சுற்றறிக்கையில், எல்லா வங்கிகளும் அக்டோபர் 31க்குள் அதற்கு மாற வேண்டும் என்றது. பதிந்து தரும் உரிமை ஐதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஐடிஆர்பிடிக்கு மட்டும். வங்கி அல்லாதவர் அங்கே ஒரு பெயரை வாங்க முடியாது. ஐசிஐசிஐபேங்க்.காம் என்றிருந்தது ஐசிஐசிஐ.பேங்க்.இன் ஆனது, எச்டிஎஃப்சிபேங்க்.காம் எச்டிஎஃப்சி.பேங்க்.இன் ஆனது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். இத்தனை நாள் ஒவ்வொரு வங்கியும் காம், கோ.இன், இன் என்று மனம்போன வாலை வைத்திருந்ததில், எது அசல் என்று சொல்ல வாடிக்கையாளருக்கு ஒரு விதியும் கிடையாது. ஸ்டேட் பேங்கின் இணைய வங்கியே ஆன்லைன்எஸ்பிஐ.காம் என்றிருந்து, ஆன்லைன்எஸ்பிஐ.எஸ்பிஐ ஆகி, இப்போது எஸ்பிஐ.பேங்க்.இன் குடைக்குள் வந்திருக்கிறது. ஒரே வாடிக்கையாளரை மூன்று முறை ‘இதுதான் அசல்’ என்று நம்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு விதி இருக்கிறது. அதைச் சரியாகப் படிக்க வேண்டும். டொமைனின் அதிகாரம் வலது ஓரத்தில் இருக்கிறது. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். எஸ்பிஐ.பேங்க்.இன் என்று தொடங்கி அதற்குப் பிறகு புள்ளி வைத்து வேறு பெயரும் காமும் வந்தால், அது அந்த வேறு பெயர்க்காரரின் தளம். முன்னால் உள்ளதை அவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இதைவிட வழுக்கலானது புள்ளி. ஏதோ ஒரு பெயர், புள்ளி, பேங்க், புள்ளி, இன் என்றால் ரிசர்வ் வங்கி காவலுக்குள் இருக்கிறது. பெயருக்கும் பேங்குக்கும் நடுவில் புள்ளி இல்லாமலோ, புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டோ எழுதினால் அது சாதாரண இன் டொமைன். காலியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் பதியலாம். ஒரு புள்ளியில் இருக்கும் இந்த வித்தியாசத்தைப் போன் திரையில், அதுவும் குறுஞ்செய்தியில் வந்த சுட்டியில், எத்தனை பேர் பார்ப்பார்கள்? விளம்பரங்கள் ‘பேங்க்.இன் என்று முடிந்தால் பாதுகாப்பு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், புள்ளி இல்லாத பெயரும் பார்வைக்கு அப்படித்தான் முடியும். புள்ளியைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பழைய முகவரிகளைத் தட்டினால் புது முகவரிக்குத் திருப்பப்படுகிறோம். இந்த வழிமாற்று எத்தனை ஆண்டு ஓட வேண்டும்? பாஸ்புக்கிலும் காசோலைப் புத்தகத்திலும் பழைய முகவரி அச்சாகியிருக்கிறது. கிளைச் சுவரில் ஒட்டிய அறிவிப்பில் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரின் உலாவிப் புத்தகக்குறியில் இருக்கிறது. அந்த டொமைனில் முடியும் மின்னஞ்சல் முகவரிகளுக்கு வருமான வரிப் படிவமும் நகலெடுத்த ஆதாரும் இன்னும் பல காலம் வந்துகொண்டிருக்கும். பெயரை இழந்தவர் அஞ்சலையும் இழக்கிறார். அடுத்து எடுப்பவருக்கு அந்தப் பெயருக்கு வரும் கடிதங்கள் எல்லாம் சேரும்படி அமைத்துக்கொள்ள அரைமணி நேரம் போதும். ஒரு வலைப்பூவின் பழைய பெயரைப் பிடித்தவருக்குக் கிடைப்பது கொஞ்சம் விளம்பரக் காசு. ஒரு வங்கியின் பழைய பெயரைப் பிடிப்பவருக்குக் கிடைப்பது, ‘இது என் வங்கி’ என்று பதினைந்து இருபது ஆண்டு பழகிய மனிதர்கள். பெரிய வங்கிகள் இதை மறக்கா என்று எடுத்துக்கொள்ளலாம், கூகுளும் மைக்ரோசாஃப்டும் மறந்ததைத் தெரிந்துகொண்டே. ஆனால் அதே உத்தரவு நாடெங்கும் உள்ள சிறு கூட்டுறவு வங்கிகளுக்கும் போயிருக்கிறது. அங்கே பழைய இணையதளத்தைச் செய்து கொடுத்தவர் பெரும்பாலும் பக்கத்து ஊர் வடிவமைப்பாளராக இருப்பார், டொமைன் அவர் பெயரிலேயே பதிவாகியிருக்கும், புதுப்பிக்கச் சொல்லி வரும் அஞ்சல் அவருடைய பெட்டியில்தான் விழும்.